கதவுக்குப் பின்னால் தொங்கும் சொப்பிங் பைகள்: வீட்டில் மறுபடி பாவிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

2025 நவம்பர் 1 முதல் இலங்கையில் கடைகள் சொப்பிங் பையைச் சும்மா தர முடியாது. விலை வாங்க வேண்டும், அந்த விலை பில்லிலும் தெரிய வேண்டும். புதிதாக வருவது இதனால் குறையலாம். ஆனால் ஏற்கெனவே சேர்ந்தது? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் குசினிக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி, அதில் வயிறு புடைத்த ஒரு பெரிய பை, அதற்குள் சுருண்டு கிடக்கும் சின்னப் பைகள். மீன் வாங்கியது, மரக்கறி வாங்கியது, புடவைக் கடையில் தந்தது, பார்மசியில் தந்தது எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். எறிய மனம் வராது, எடுத்துப் பாவிக்கவும் மாட்டோம்.

இணையத்தில் தேடினால் பையால் பூச்சாடி, தோரணம், பொம்மை என்று நிறைய வருகிறது. பார்க்க அழகுதான். ஆறு மாதத்தில் தூசி பிடித்து, கழுவவும் முடியாமல், அதுவும் குப்பைக்கே போகும். பிளாஸ்டிக் பூமாலைகளை 2023 ஒக்டோபர் 1 முதல் நாட்டில் தடை செய்துவிட்டார்கள். அதையே வீட்டில் உட்கார்ந்து நாம் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. அதனால் இங்கே அலங்காரச் சாமான்கள் இல்லை. நாளும் கையில் படுகிற, உழைக்கிற சாமான்கள்தான். எங்கே பாவிக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன், அது பாதி விஷயம்.

முதலில் பையைப் பிரிக்க வேண்டும்

எல்லாப் பையும் ஒன்றல்ல. கையில் எடுத்துக் கசக்கிப் பாருங்கள். சரசரவென்று சத்தம் போட்டு, மெல்லியதாக, இழுத்தால் நீளாமல் கிழிவது அடர்த்தி கூடிய பொலித்தீன். சத்தமில்லாமல் வழுவழுப்பாக, விரலால் இழுத்தால் கொஞ்சம் நீண்டு கொடுப்பது அடர்த்தி குறைந்த பொலித்தீன். கொழும்புப் பக்கம் மீதொட்டமுல்லைக் குப்பை மேடு சரிந்து ஆட்கள் செத்த 2017ஆம் ஆண்டில், செப்டெம்பர் 1 முதல், 20 மைக்ரோனுக்குக் குறைந்த தடிப்புள்ள பொலித்தீனையும் அந்தச் சரசரப்பு வகைச் சொப்பிங் பையையும் லஞ்ச் சீற்றையும் அரசாங்கம் தடை செய்தது. இருந்தாலும் பழைய சேமிப்பைக் கிண்டினால் இரண்டு வகையும் கிடைக்கும்.

நான்கு குவியலாகப் பிரியுங்கள். வழுவழுப்பான நல்ல பைகள் ஒரு பக்கம். பின்னவும் அயன் பண்ணவும் அவைதான். சரசரப்புப் பைகள் இன்னொரு பக்கம். அவை பட்டை வெட்டவும் நிரப்பவும் உதவும். ஓட்டை விழுந்தவை மூன்றாவது. ‘மக்கும்’ என்று அச்சடித்த பைகள் நான்காவது. இந்த நான்காவதில் கவனம் தேவை. இவற்றில் பல அலுமாரிக்குள் வைத்தாலே ஒன்றிரண்டு வருடத்தில் பொடிப் பொடியாக உதிரும். முக்கியமான கடதாசியையோ உடுப்பையோ அதில் சுற்றி வைத்தால், திறக்கும்போது பொடிதான் கொட்டும். அவற்றை முதலில் எடுத்துக் குப்பை வாளிக்குப் போட்டு முடித்துவிடுங்கள்.

கிருமிநாசினி, பூச்சிமருந்து, உரம் வைத்திருந்த பைகளை எந்தக் குவியலிலும் சேர்க்க வேண்டாம். அவற்றுக்கு மறுபயன்பாடு கிடையாது.

இனிக் கழுவுவது. மீன் பைக்கு முதலில் பச்சைத் தண்ணீர். சுடுதண்ணீர் ஊற்றினால் மீன் நீர் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். இரண்டு தரம் அலசிய பிறகு உட்புறத்தை வெளியே திருப்பி, சவர்க்காரத் தண்ணீரில் பிழிந்த தேசிக்காய்த் தோலையும் போட்டு அரை மணித்தியாலம் ஊற விடுங்கள். பிறகு கிணத்தடிக் கொடியில், நிழலில், வாய் கீழே பார்க்கக் கிளிப் போட்டுக் காய விடுங்கள். நிழல் என்று சொல்வது சும்மா இல்லை. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பொலித்தீனின் உறுதியைத் தின்கிறது. கொடியில் வாரக் கணக்கில் மறந்து கிடந்த பை தொட்டால் உடைவது அதனால்தான்.

இன்னொன்று: பச்சை மீனோ இறைச்சியோ வந்த பையில், எவ்வளவு கழுவினாலும், திரும்பச் சாப்பாட்டுச் சாமான் வைக்காதீர்கள். கறுப்பு, கடும் நீலப் பைகள் பெரும்பாலும் பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்தவை. அவற்றிலும் சாப்பாடு வேண்டாம்.

காய்ந்ததும் மடித்து வையுங்கள். பையை மேசையில் விரித்து, அடியிலிருந்து வாய்ப்பக்கம் தடவிக் காற்றை வெளியேற்றி, நீளவாக்கில் மூன்று தரம் மடித்தால் நான்கு விரல் அகலப் பட்டியாக வரும். அடி மூலையை எடுத்து எதிர் விளிம்போடு சேர்த்து முக்கோணமாக மடியுங்கள். அந்த முக்கோணத்தையே மேலே மேலே புரட்டிக்கொண்டு போய், கடைசியில் மிஞ்சும் கைப்பிடியை மடிப்புக்குள் செருகுங்கள். சட்டைப் பைக்குள் போகிற அளவுக்கு வந்துவிடும். ஹேன்ட்பேக்கில் இரண்டு, மோட்டார் சைக்கிள் சீற்றுக்கு அடியில் இரண்டு வைத்தால் கல்முனைச் சந்தைக்கோ மட்டக்களப்புச் சந்தைக்கோ போகும்போது புதுப்பை வாங்கத் தேவையில்லை. மறுபயன்பாட்டில் இதைவிடச் சிறந்தது ஒன்றுமில்லை. பை பையாகவே திரும்பப் பாவிக்கப்படுகிறது.

மடிக்கப் பொறுமை இல்லாதவர்கள் ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலின் அடியையும் கழுத்தையும் வெட்டி, கழுத்துப் பக்கம் கீழே வரச் சுவரில் ஆணி அடித்து மாட்டலாம். மேலால் திணித்துக் கீழால் இழுக்க வேண்டியதுதான். சின்னப் பிள்ளைகள் எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். தவழும் பிள்ளை உள்ள வீட்டில் ஒரு பைகூடத் தரையில் கிடக்கக் கூடாது, தலையில் போட்டுக்கொண்டால் மூச்சு முட்டிவிடும்.

வெட்டாமல் தைக்காமல் பாவிக்க

பலாப்பழம் வெட்டும்போது இரண்டு பெரிய பையைப் பிளந்து தரையில் விரியுங்கள். பால் தரையில் ஒட்டாது, சக்கையையும் அதிலேயே சுருட்டி எடுத்துப் போய் மாட்டுக்கோ குழிக்கோ கொட்டலாம். மாடு பையைத் தின்னாமல் பையை மட்டும் கையோடு திருப்பிக் கொண்டு வர வேண்டும்.

வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கிறீர்களா? வேலை இடையில் நின்றால் தூரிகையையும் ரோலரையும் கழுவ வேண்டாம். பையால் இறுக்கிச் சுற்றி, காற்றுப் புகாமல் ரப்பர் வளையம் போட்டு வைத்தால் மறுநாள் காலை அப்படியே எடுத்து அடிக்கலாம்.

உப்புப் படிந்து தண்ணீர் கோணலாகச் சீறுகிற குழாய் வாய்க்கு, ஒரு சின்னப் பையில் வினாகிரி ஊற்றி, வாய் அதற்குள் மூழ்கும்படி கட்டி ஒரு மணித்தியாலம் விட்டு, பழைய பல் பிரஷால் தேயுங்கள். கடற்கரைப் பக்கக் கிணற்று நீர் பாவிக்கிறவர்களுக்கு இது அடிக்கடி உதவும். பித்தளை மினுக்கம் போட்ட குழாய் என்றால் கால் மணித்தியாலத்துக்கு மேல் விடாதீர்கள், நிறம் போய்விடும்.

குப்பை வாளிக்குப் போடுவது எல்லோருக்கும் தெரிந்தது. ஈரக் குப்பைக்குப் பை போடவே தேவையில்லை என்பது என் கட்சி. வாளிக்கு அடியில் பழைய பேப்பர் போட்டு, மீன் கழிவை ஒன்றரை அடி ஆழத்தில் தென்னைக்கோ வாழைக்கோ புதைத்தால் பையும் மிச்சம், உரமும் கிடைக்கும். வளவு இல்லாத வீட்டுக்காரர் மீன் கழிவைப் பையில் முடிந்து குளிர்சாதனப் பெட்டியின் மேல் தட்டில் உறைய வைத்து, குப்பை வண்டி வரும் நாளில் எடுத்துக் கொடுக்கலாம். நாற்றம் எடுக்காது, நாயும் கிழிக்காது.

மாரிக்கு முன் செய்து வைக்க வேண்டியது

கிழக்கில் வடகீழ்ப் பருவ மழை கார்த்திகை, மார்கழியில் ஊற்றும்போது வெள்ளம் வீட்டு வாசலுக்கு வருவது புதுமை இல்லை. தண்ணீர் வந்த பிறகு கடதாசிகளைத் தேடிக்கொண்டு நிற்க முடியாது. ஐப்பசியிலேயே ஒரு பொதி கட்டி வைத்துவிடுங்கள். இதற்கு வழுவழுப்பான, தடித்த, ஓட்டையில்லாத பைகள் வேண்டும்.

ஓட்டையைக் கண்டுபிடிக்கப் பைக்குள் காற்றை அடைத்து வாயை முறுக்கிப் பிடித்து, வாளித் தண்ணீருக்குள் அமுக்குங்கள். குமிழி வந்த பை வேண்டாம்.

அடையாள அட்டைப் பிரதி, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பரீட்சைச் சான்றிதழ், அம்மா அப்பாவின் கிளினிக் கொப்பி ஆகியவற்றை முதலில் ஒரு கடதாசி உறையில் போடுங்கள். அந்த உறையை முதல் பைக்குள் வைத்து, காற்றை நன்றாக வெளியேற்றி, பையின் கழுத்தைக் கயிறாக முறுக்குங்கள். முறுக்கிய கழுத்தை இரண்டாக வளைத்து மடித்து, அந்த வளைவின் மேல் ரப்பர் வளையத்தைப் பல சுற்று இறுக்கிப் போடுங்கள். வெறும் முடிச்சுப் போட்டால் தண்ணீர் மெல்ல மெல்லக் கசியும். வளைத்துக் கட்டினால் கசிய வழி குறைவு. இப்போது அந்தப் பொதியைத் தலைகீழாக இரண்டாவது பைக்குள் விட்டு, அதையும் இதே விதமாகக் கட்டுங்கள். அதற்கு மேல் மூடி உள்ள பிளாஸ்டிக் வாளியில் வைத்தால், தூக்கிக்கொண்டு ஓடவும் இலேசு.

சந்தேகம் உள்ளவர்கள் கடதாசிக்குப் பதிலாக ஒரு டிசுவைப் போட்டுக் கட்டி, வாளித் தண்ணீரில் கல் வைத்து ஓர் இரவு மூழ்க விட்டுப் பாருங்கள். டிசு காய்ந்தே இருந்தால் உங்கள் கட்டு சரி. ஒவ்வொரு வருடமும் பையைப் புதிதாக மாற்ற வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

பட்டை வெட்டி நூலாக்குவது

கால்மிதி, கூடை, தோள்பை எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான். வேண்டியது கத்தரிக்கோல் ஒன்று மட்டும்.

பையை அதன் பக்க மடிப்புகள் உள்ளே இருக்கும்படி மேசையில் தட்டையாக விரித்து, கையால் தடவிக் காற்றை எடுங்கள். மேலே கைப்பிடிகளையும் கீழே ஒட்டுத் தையலையும் வெட்டி நீக்குங்கள். இப்போது இரு பக்கமும் திறந்த குழாய் ஒன்று கையில் இருக்கும். அதை நீளவாக்கில் மடித்துப் பட்டியாக்கி, குறுக்கே நான்கு சென்ரிமீற்றருக்கு ஒரு வெட்டாக வெட்டிக்கொண்டு போங்கள். சரசரப்புப் பையானால் ஆறு சென்ரிமீற்றர் வேண்டும், தடித்த புடவைக் கடைப் பைக்கு மூன்று போதும். ஒவ்வொரு துண்டையும் உதறினால் ஒரு வளையமாக விரியும். நீளவாக்கில் வெட்டிவிட்டால் வளையம் வராது, கட்டைப் பட்டிகள்தான் மிஞ்சும்.

வளையங்களைக் கோர்க்க முடிச்சுப் போடத் தேவையில்லை. முதல் வளையத்தின் முனைக்குள் இரண்டாவது வளையத்தைப் பாதி நுழையுங்கள். நுழைந்த பாதியை வளைத்து, அதே இரண்டாவது வளையத்தின் மற்ற முனைக்குள் விட்டு மெதுவாக இழுங்கள். சின்ன முடிச்சாக இறுகும். மெதுவாக என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. வெடுக்கென்று இழுத்தால் பட்டை அந்த இடத்தில் நீண்டு மெலிந்துவிடும், பிறகு பின்னலில் அங்கேதான் அறும். ஒரு நடுத்தரப் பையிலிருந்து ஏறக்குறைய மூன்று மீற்றர் இரட்டை நூல் வரும். பந்தாகச் சுற்றி வையுங்கள், வெள்ளை ஒரு பந்து, நிறப்பை ஒரு பந்து என்று.

குரோஷே தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. எட்டு, பத்து மில்லிமீற்றர்த் தடித்த ஊசி எடுத்துத் தளர்வாகப் போடுங்கள், விரல் நோகும், அவ்வளவுதான். தெரியாதவர்களுக்குப் பின்னல் கால்மிதி.

பின்னல் கால்மிதி

45க்கு 70 சென்ரிமீற்றர் முட்டை வடிவக் கால்மிதிக்கு முப்பது, நாற்பது நடுத்தரப் பை கேட்கும். பைகள் சிறியவை என்றால் இன்னும் கூடும். நூல் பந்து தவிர, ஒரு சாக்கு ஊசியும் தங்கூசியும் (மீன்பிடிக்கும் நைலோன் நூல்) வேண்டும். வாழைச்சேனையிலோ கல்லடியிலோ மீன்பிடிச் சாமான் விற்கிற கடையில் நடுத்தரத் தடிப்புள்ள தங்கூசி ஒரு சுருள் வாங்கினால் பல கால்மிதிக்குப் போதும். பருத்தி நூலால் தைத்தால் பிளாஸ்டிக் கெடாமல் இருக்கும்போதே நூல் உக்கிவிடும்.

இரண்டு இரண்டு நூலாகச் சேர்த்து மூன்று கால் எடுத்து, நுனியை முடிந்து, ஜன்னல் கம்பியில் கட்டுங்கள். தலைமுடி பின்னுவதுபோலத்தான் பின்ன வேண்டும். கோர்த்த முடிச்சுகள் மூன்று காலிலும் ஒரே இடத்தில் வந்து விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், விழுந்தால் அங்கே கட்டி தட்டும். ஒரு காலை முன்பின்னாக இழுத்துத் தொடங்கினாலே முடிச்சுகள் விலகிக்கொள்ளும். பின்னல் ஒரே இறுக்கத்தில் வர வேண்டும். ஒருநாள் இறுக்கமாகவும் ஒருநாள் தளர்வாகவும் பின்னினால், கால்மிதியைப் பார்த்தே எந்த இடத்தில் எழும்பிப் போனீர்கள் என்று சொல்லிவிடலாம்.

பத்துப் பன்னிரண்டு மீற்றர் பின்னியதும் தைக்கத் தொடங்கலாம். பின்னலின் தொடக்கத்தில் 25 சென்ரிமீற்றர் அளந்து அங்கே திருப்பி, பக்கத்தோடு பக்கம் ஒட்ட வைத்துத் தங்கூசியால் விளிம்புகளைச் சேர்த்துத் தையுங்கள். பிறகு அதைச் சுற்றிச் சுற்றி வர வேண்டியதுதான்.

இங்கேதான் பலர் கை விடுவார்கள். மடியில் வைத்துத் தைப்பார்கள், கால்மிதி மெல்ல மெல்லக் குழிந்து தொப்பியாக எழும்பும். தரையில் அல்லது மேசையில் தட்டையாக வைத்துத்தான் தைக்க வேண்டும். வளைவு வரும் இரண்டு தலைப்பிலும் வெளிப் பின்னலைக் கொஞ்சம் கூடவே விட்டுக் கொடுங்கள். நேரான பக்கத்தில் உள்ளது உள்ளபடி. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் கையை எடுத்துவிட்டுப் பாருங்கள். விளிம்பு மேலே தூக்கினால் இறுக்கம், அலை அலையாக நெளிந்தால் தளர்வு. அந்தச் சுற்றையே பிரித்துத் தைப்பது நல்லது, அடுத்த சுற்றில் சரிக்கட்டலாம் என்று நினைத்தால் சரி வராது. கூடை வேண்டுமென்றால், குழிய வைத்ததை வேண்டுமென்றே செய்யுங்கள்: அடி வட்டம் போதுமானதும் பின்னலை இறுக்கி இழுத்து ஒன்றின் மேல் ஒன்றாகத் தைத்தால் சுவர் எழும்பும். வெங்காயம், உருளைக்கிழங்குக்கு நல்ல கூடை, காற்று உள்ளே ஓடும்.

முடிவில் பின்னலின் மூன்று காலையும் மெல்ல மெல்ல மெலிதாக வெட்டி, அடிப்பக்கம் மறைத்துத் தைக்கவும். டைல்ஸ் தரையில் வழுக்கும், ஆகவே பழைய சைக்கிள் டியூப்பை நான்கு துண்டு வெட்டி அடியில் தைத்துவிடுங்கள். கிணத்தடி, குளியலறை வாசல், பின்கதவு எல்லாவற்றுக்கும் பொருந்தும். குழாயைத் திறந்து பிடித்து உதறினால் அழுக்குப் போய்விடும். அடுப்படியில் மட்டும் போடாதீர்கள், நெருப்புப் பொறி பட்டால் உருகிக் காலில் ஒட்டும்.

பன்பாய் இழைக்கவோ பனையோலைப் பெட்டி இழைக்கவோ தெரிந்த கை வீட்டில் இருந்தால் இன்னும் ஒரு வழி இருக்கிறது. வளையங்களை ஓர் இடத்தில் வெட்டி நீளப் பட்டியாக்கி, நான்காக மடித்து விரலால் நீவித் தட்டையாக்கிக்கொண்டால் பன்னுக்குப் பதில் அதையே வைத்து இழைக்கலாம். பன்னில் இருக்கும் விறைப்பு இதில் இருக்காது, ஆகவே நெருக்கமாக இழைக்க வேண்டும். கடற்கரையில் விரிக்க, நெற்காணி வாடியில் உட்கார, ஈரத்துக்கு அஞ்சாத பாய் கிடைக்கும். மருதமுனைப் பக்கம் கைத்தறி தெரிந்த உறவுக்காரர் இருந்தால், பருத்தி நூல் பாவும் பைப் பட்டை ஊடையுமாக ஒரு முழம் நெய்து பார்க்கச் சொல்லுங்கள். தோள்பைக்கு அதைவிட நல்ல துணி இந்தப் பைகளிலிருந்து வராது.

அயன் பண்ணித் தடித்த தாள் ஆக்குவது

பல பைகளைச் சூட்டில் ஒட்ட வைத்தால் ரெக்சீன் மாதிரித் தடித்த தாள் வரும். தையல் மெஷினில் தைக்கலாம். மழைக் காலத்தில் பள்ளிக் கொப்பிகளுக்கு உறை, மோட்டார் சைக்கிள் பத்திரங்களுக்குப் பவுச், மீன் வெட்டும்போது கட்டிக்கொள்ள ஏப்ரன், சந்தைப் பை எல்லாம் இதிலே செய்யலாம்.

ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்துத்தான் தொடங்க வேண்டும். பொலித்தீன் மெதுவாக ஒட்டினால் புகை வராது. புகை வந்தால் அளவு மீறிச் சுட்டுவிட்டது என்று அர்த்தம், உடனே நிறுத்துங்கள். சின்னப் பிள்ளைகளையும் மூச்சுத் தொந்தரவு உள்ளவர்களையும் அறைக்குள் விட வேண்டாம்.

ஒரே வகைப் பைகளாக எடுங்கள். சரசரப்பு வகை உருகக் கூடுதல் சூடு வேண்டும், வழுவழுப்பு வகை அதற்கு முன்னமே, 105 முதல் 115 பாகை செல்சியஸ் அளவில் உருகிவிடும். இரண்டையும் கலந்தால் ஒன்று ஓட்டை விழும்போது மற்றது ஒட்டியிருக்காது. கைப்பிடியும் அடித்தையலும் வெட்டி, பக்கத்தைப் பிளந்து விரித்து, ஆறு அல்லது எட்டுப் படையாக அடுக்குங்கள். கொப்பி உறைக்கு நான்கு படை போதும். கடைப் பெயர் அச்சடித்த பக்கம் உள்ளே போக வேண்டும். வெளியே இருந்தால் மை உருகி இழுபடும்.

அடுக்கின் மேலும் கீழும் கேக் தட்டில் போடுகிற எண்ணெய்க் கடதாசியை வையுங்கள். பொலித்தீன் எந்த இடத்திலும் அயன் பெட்டியில் நேராகப் படக் கூடாது. பட்டால் பெட்டியும் போச்சு. நீராவியை நிறுத்தி, சூட்டைப் பட்டுத்துணி அளவில் வைத்து, நடுவிலிருந்து விளிம்புக்குப் பெட்டியை நகர்த்திக்கொண்டே இருங்கள். ஓர் இடத்தில் பத்துப் பதினைந்து செக்கனுக்கு மேல் நிற்க வேண்டாம். பிறகு திருப்பிப் போட்டு மற்றப் பக்கம். கடதாசியை உரிக்குமுன் ஆற விடுங்கள். ஒரு மூலையை நகத்தால் கிளப்பிப் பார்த்துப் படைகள் பிரிந்தால் சூட்டைச் சற்றுக் கூட்டி இன்னொரு தரம். பொத்தல் விழுந்தால் சூடு கூடிவிட்டது. பொத்தல் மேல் ஒரு துண்டு வைத்து மறுபடி ஒட்டலாம். தாள் கொஞ்சம் சுருங்கும், அதனால் வேண்டிய அளவைவிடப் பெரிதாக அடுக்குங்கள். ஆறும்போது மேலே பாரமான புத்தகம் வைத்தால் நெளியாது.

தைக்கும்போது குண்டூசி குத்தாதீர்கள், குத்திய ஓட்டை மறையாது. கடதாசிக் கிளிப்பால் பிடித்து, தடித்த ஊசி போட்டு, தையலை நீளமாக வையுங்கள். நெருங்கத் தைத்தால் தபால் முத்திரைத் தாள் கிழிவதுபோல் அந்தக் கோட்டிலேயே கிழியும்.

சிலர் இந்தத் தாளில் மேசை விரிப்புச் செய்வார்கள். தண்ணீர்க் கிளாசுக்குச் சரி, அடுப்பிலிருந்து இறக்கிய கறிச்சட்டிக்குச் சரி வராது. எண்ணெய் தாளித்த சட்டியின் அடி, உருகும் சூட்டைத் தாண்டித்தான் இருக்கும்.

வளவில்

மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றுக்குச் சின்னப் பைகள் போதும். அடி மூலை இரண்டையும் வெட்டித் தண்ணீர் போக வழி விட்டு, வாயை வெளிப்பக்கம் இரண்டு சுற்று மடித்து, மண்ணும் எருவும் நிரப்பி நிழலில் வையுங்கள். நான்கு ஆறு கிழமையில் நாற்று நடத் தயாராகும், பை உதிரத் தொடங்குமுன் வேலை முடிந்துவிடும். நடும்போது பையைக் கிழித்து எடுத்துவிட வேண்டும். பையோடு குழியில் வைக்கிற பழக்கம் வேருக்கும் கெடுதி, மண்ணுக்கும் கெடுதி.

செவ்வரத்தை, ரோசாத் தடி வேர்விட ஒரு வெள்ளைப் பையைத் தொட்டிக்கு மேல் கூடாரமாகக் கவிழ்க்கலாம். ஈர்க்கில் மூன்றை வளைத்துக் குத்தி, பை இலையில் படாமல் நிறுத்தி, நிழலில் வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒரு தரம் சற்றுத் திறந்து காற்று விடவும், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

கொய்யாவுக்குப் பழ ஈ பெரிய தொல்லை. காய் தேசிக்காயளவு இருக்கும்போதே, அடியில் இரண்டு மூலை வெட்டிய பையைப் போட்டுக் காம்பில் பட்டையால் தளர்வாகக் கட்டினால் ஈ முட்டையிட வழி இருக்காது. நேர் வெயில் படும் காய்க்கு உள்ளே ஒரு பேப்பர்த் துண்டும் சுற்றுங்கள், இல்லாவிட்டால் வெந்துவிடும். பழத்தைப் பறிக்கும்போது பையையும் கழற்றி எண்ணி எடுங்கள். விரலால் நுள்ளி இழுத்தால் நீள்கிற பையை அடுத்த காய்க்குப் போடலாம், வெடித்தால் குப்பை.

மணல் மண்ணில் தண்ணீர் நிற்கவில்லை என்று பையைக் குழிக்கு அடியில் புதைக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். பொச்சுமட்டையைக் கவிழ்த்துப் புதையுங்கள், அது தண்ணீரையும் பிடிக்கும், பிறகு மண்ணோடு மண்ணாகவும் போகும். நெல்வயலில் குருவி விரட்டக் கம்பில் பை கட்டுவதும் அப்படித்தான்: கட்டினால் போகம் முடிந்த அன்றே கழற்ற வேண்டும், இல்லையேல் கிழிந்த துணுக்கெல்லாம் வாய்க்காலால் வாவிக்குப் போய்ச் சேரும்.

பை மடிப்பில் மழைத்தண்ணீர் தேங்கினால் ஒரு கிழமை, பத்து நாளில் டெங்கு நுளம்பு வளர்ந்து பறக்கும். மாரியில் வளவுப் பைகளைக் கிழமைக்கு ஒரு தரம் உதறுங்கள்.

செய்யவே கூடாதவை

விறகு பற்ற வைக்கப் பையைக் கொளுத்துவது. நம் பக்கத்தில் இது சர்வசாதாரணம். அடுப்பிலே முகம் வைத்து ஊதுகிறவர் அந்தக் கரும்புகையை நேரே இழுக்கிறார். குப்பையையும் பிளாஸ்டிக்கையும் திறந்த வெளியில் எரிப்பதும் 2017ஆம் ஆண்டின் அதே தடைகளில் ஒன்று. பன்னாடையும் காய்ந்த பாளையும் சிரட்டையும் இருக்கிற ஊரில் பையை எரிக்க என்ன தேவை?

சாப்பாட்டு மணத்தோடு பையை வெளியே எறிவது. அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காடு குப்பை மேட்டில் எட்டு வருடத்தில் ஏறக்குறைய 20 யானைகள் பிளாஸ்டிக்கைத் தின்று செத்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. உடற்கூற்றுச் சோதனையில் வயிற்றில் பொலித்தீனும் சாப்பாடு சுற்றும் தாள்களும் கண்டெடுத்தார்கள். யானைக்குப் பையின் மேல் ஆசையில்லை, உள்ளே இருந்த சோற்றின் மணம்தான் இழுக்கிறது. தெருவில் நிற்கும் மாட்டுக்கும் ஆட்டுக்கும் இதே கதை. எறியத்தான் வேண்டுமென்றால் அலசி, காய வைத்து, முடிச்சுப் போட்டு, குப்பை வண்டியில் கொடுங்கள்.

சுடச்சுடச் சோறு, கறி, தேநீர் பையில் கட்டுவதும் இந்தப் பட்டியலில்தான் சேரும். தேநீர் கொண்டு போகப் போத்தல் இருக்கிறது.

வெட்டி மிஞ்சிய துண்டுகளுக்கு

கைப்பிடி, அடித்தையல், ஓட்டைப் பை, சரசரப்புப் பை எல்லாம் கடைசியில் ஒரு குவியலாக மிஞ்சும். அதை நிரப்பலாக்கலாம். எல்லாம் காய்ந்திருக்க வேண்டும், ஒரு மீன் பை ஈரத்தோடு போனால் முழுதும் நாறும். இரண்டு விரல் அகலத் துண்டாக வெட்டி, கையால் கசக்கி, பழைய சாரத்தில் தைத்த உறையில் அடையுங்கள். முழுப் பையாகத் திணித்தால் உருண்டை உருண்டையாகச் சேர்ந்து ஒரு பக்கம் இறங்கும், உட்கார முடியாது. உறைக்குள் நான்கு இடத்தில் மேலும் கீழுமாகக் குத்தித் தைத்துவிட்டால் நிரப்பல் ஓடாது. முற்றத்துக் கதிரை, தோணிப் பலகை, திண்ணை என்று வெளியில் போடும் மெத்தைக்கு இது நல்லது. படுக்கிற தலையணைக்கு வேண்டாம்: சூடு, சத்தம் இரண்டும் உண்டு. பிள்ளைகளின் தொட்டிலுக்கு ஒருபோதும் வேண்டாம். ஒரு பக்கத்தைத் தைக்காமல் பொத்தான் வைத்து விட்டால், குத்திய தையலைப் பிரித்து உறையை மட்டும் கழற்றித் தோய்க்கலாம், துண்டு சேரச் சேர உள்ளே போடவும் வழி இருக்கும்.